பிள்ளை இன்னும் நடக்கலையா? காத்திருக்கலாமா, காட்டணுமா?



ரமணாசிரமம் பகுதியில் ஒரு குழுக் கூட்டம். சேமிப்பு வசூல் முடிந்து தீர்மான நோட்டில் கையெழுத்துப் போடுகிற நேரம். ஒரு அக்கா மடியில் பேரன். வயசு ஒன்றே முக்கால், இன்னும் தனியா நடக்கல. "ஆம்பளப் புள்ள, மெதுவாத்தான் நடப்பான். அவங்க அப்பனும் அப்படித்தான்" என்று நாலு பேர் தைரியம் சொன்னார்கள். அக்காவுக்கும் ஆறுதல். ஒரு தவணை தவறினால் உடனே கண்டுபிடிக்கிற நாம், இந்த ஆறுதலிலேயே மூணு மாசம் போனதைக் கவனிக்கவில்லை.

மூணு மாசம் என்று எப்படிச் சொல்கிறோம்? உலக சுகாதார நிறுவனம் இந்தியா உட்பட ஐந்து நாட்டுக் குழந்தைகளைக் கவனித்து 2006-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. நல்ல நலத்தோடு இருக்கிற பிள்ளை எதையும் பிடிக்காமல் உட்கார 4 முதல் 9 மாதம் வரை ஆகலாம். தனியாக நடக்க 8 முதல் 18 மாதம் வரை ஆகலாம். ஆகவே 14 மாசத்தில் நடக்கலையே என்று பயப்பட வேண்டாம். 18 தாண்டினால் காத்திருக்கவும் வேண்டாம்.

இதை வீட்டு வாசலிலேயே பார்க்க வழி செய்தவர் நம்ம பக்கத்து மாநிலத்துக் குழந்தை மருத்துவர், திருவனந்தபுரம் டாக்டர் எம்.கே.சி. நாயர். அங்குள்ள குழந்தை வளர்ச்சி மையத்தை நடத்தியவர். அவரும் உடன் வேலை செய்தவர்களும் 1991-ல் ஓர் அட்டையை வெளியிட்டார்கள். பிறந்தது முதல் 2 வயசு வரை 17 விஷயங்கள்தான் அதில் இருக்கிறது. முகம் பார்த்துச் சிரிப்பது, தலை நிற்பது, குப்புற விழுவது, பொருளை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றுவது, நடப்பது, இரண்டு வார்த்தை பேசுவது, பொம்மையின் கண், மூக்கைக் காட்டுவது, இப்படி. ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. 100-க்கு 97 பிள்ளைகள் அதைச் செய்துவிடும் வயசில் அந்தக் கோடு முடியும். பிள்ளையின் வயசில் ஸ்கேல் வைத்து நேராக ஒரு கோடு இழுக்கணும். அதற்கு இடப்பக்கம் முடிந்துபோன ஒன்றைப் பிள்ளை செய்யாவிட்டால் டாக்டரிடம் காட்டணும். பார்க்கத் தேவை ஒரு பேனாவும் சாவிக்கொத்தும். அவ்வளவுதான்!

அட்டையில் பின்தங்கினால் குறை என்று முடிவு கட்டக் கூடாது. அது டாக்டர் சொல்ல வேண்டியது. குறைமாசத்தில் பிறந்திருந்தால், பிறக்க வேண்டிய தேதியிலிருந்து வயசைக் கணக்கிடணும்.

டாக்டர் நாயரின் குழு இன்னொன்றும் செய்து பார்த்தது. பின்தங்க வாய்ப்புள்ள பச்சிளம் குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுத் தாய்மாருக்கு மட்டும் தூண்டுதல் பயிற்சி சொல்லிக் கொடுத்தார்கள். அந்தப் பிள்ளைகள் ஒரு வயசிலும் இரண்டு வயசிலும் மற்ற பிரிவைவிட நன்றாகச் செய்தார்கள். இது 2009-ல் வெளியானது. வேலையைச் செய்தது வீட்டில் இருந்த அம்மாக்கள் என்பதைக் கவனியுங்கள்.

ஜமைக்கா நாட்டிலும் இதே கதைதான். 1986-87-ல் டாக்டர் சாலி கிரந்தம்-மெக்கிரிகர் வளர்ச்சி குன்றிய 129 ஏழைப் பிள்ளைகளை எடுத்துக்கொண்டார். சிலருடைய வீட்டுக்கு வாரம் ஒரு மணி நேரம், இரண்டு வருஷம், சுகாதாரப் பணியாளர் போய் அம்மாவோடும் பிள்ளையோடும் விளையாடினார். வீட்டில் வீணாகும் டப்பா, பாட்டில், துணிதான் பொம்மை. 20 வருஷம் கழித்துப் பார்த்தால், விளையாட்டு கிடைத்தவர்கள் கிடைக்காதவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள்.

பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் கடை போடுகிற நமக்கு நேரம் ஏது என்று கேட்பீர்கள். நியாயம்தான். பூ கட்டும்போதே "இது மல்லி, இது கனகாம்பரம்" என்று சொல்லிக் கொடுக்கலாமே. கீரை ஆயும்போது ஒரு டம்ளரும் நாலு மூடியும் கொடுங்க, போட்டு எடுக்கட்டும். அழுதால் செல்போனைக் கையில் திணிக்கிற பழக்கம் மட்டும் வேண்டாம். செல்போன் பிள்ளைக்குப் பதில் பேசாது.

சந்தேகம் வந்தால் அங்கன்வாடியில் சொல்லுங்க. 2013-ல் தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் திட்டத்தில் மருத்துவக் குழு வருஷத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து பார்க்கணும். சிகிச்சைக்கு அனுப்புவதும் இலவசம்.

அந்த அக்கா பேரனைப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். காலுக்குப் பயிற்சி சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது சுவரைப் பிடித்து நாலு அடி வைக்கிறான். அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, 2 வயசுக்கு உட்பட்ட பிள்ளை வைத்திருப்பவர்கள் தாய் சேய் நல அட்டையைக் கையோடு எடுத்து வாங்க. பிறந்த தேதிகளை ஊக்குநர் நோட்டில் எழுதிக்கொள்வார்.