புள்ளியும் அதன் விவரமும்

காரைக்குடியில் ஒரு நகரத்தார் வீட்டின் முகப்பில் நுழைந்து, வளவைக் கடந்து, இரண்டாங்கட்டு வரையில் நடந்து பார்க்கிற ஒருவர், ‘இங்கே எத்தனை குடும்பங்கள்?’ என்று வினவினால், விடை சுலபத்தில் கிட்டுவதில்லை. வீடு ஒன்று, தலைவாசலும் ஒன்று, ஆயினும் மணமான மகனை அவ்வீட்டுக்குள்ளேயே ‘வேறு வைத்து’, அவனுக்கெனத் தனி அடுப்பும் தனிக் கணக்கும் ஏற்படுத்தித் தருவது நகரத்தாரின் நெடுநாளைய சம்பிரதாயம். மணமானவன் ஒரு ‘புள்ளி’யாகி, நகரத்தாருக்குரிய ஒன்பது கோயில்களுள் தனக்குரிய கோயிலின் கணக்கில் ஏறுகிறான். வாசலை எண்ணினால் ஒன்று, அடுப்பை எண்ணினால் நான்கு என்னும்படியான இடத்தில், எதை எண்ணினோம் என்று சொல்லாமல் தொகையை மட்டும் சொல்வதால் யாருக்கும் பிரயோஜனம் இல்லை.

அரசாங்கத்தின் ஜனத்தொகைக் கணக்கெடுப்பு இச்சிக்கலை அடுப்பைக் கொண்டே தீர்க்கிறது. வழக்கமாகச் சேர்ந்து வாழ்ந்து, ஒரே சமையலில் உண்போர் ஒரு குடும்பம் என்பது அதன் இலக்கணம். இவ்வாறு ஓர் எண்ணுக்குப் பின்னே நிற்கும் இலக்கணம், எல்லை, காலம், முறை ஆகியவற்றின் விவரணத்தையே இன்று மீத்தரவு என்கிறார்கள்.

அது இல்லாவிடில் நேரும் மயக்கத்துக்கு நம் ஊரே சாட்சி. 2011-ஆம் ஆண்டுக் கணக்கில் காரைக்குடியின் ஜனத்தொகை ஓரிடத்தில் 1,06,714, மற்றோரிடத்தில் 1,81,851. முன்னது அந்நாளைய நகராட்சி எல்லைக்குள் வசித்தோர் தொகை. பின்னது சுற்றுப்புற ஊர்களையும் சேர்த்த நகரத் தொகுதியின் தொகை. 1981-ஆம் ஆண்டுக் கணக்கேடுகளில், காரைக்குடி அடங்கிய சிவகங்கை மாவட்டத்தைத் தேடுகிறவர் அதைக் காணமாட்டார். 1985-இல் இராமநாதபுரத்திலிருந்து பிரிந்து, பசும்பொன் தேவரின் பெயரால் வழங்கி, 1997-இல்தான் அது இன்றைய பெயரைப் பெற்றது. இந்த வரலாற்றை அறியாதவர் இராமநாதபுரத்தின் 1981, 1991 கணக்குகளை ஒப்பிட்டால், பல லட்சம் ஜனங்கள் பத்தாண்டுகளில் மறைந்துபோனதாக அல்லவா எண்ணுவார்!

இதனினும் வேதனை தருவது பெண்களின் உழைப்புப் பற்றிய கணக்கு. 1961-இல், பருவத்தின் பெரும்பகுதியில் நாள்தோறும் ஒரு மணி நேரத்துக்கு மேல் வயலில் பாடுபட்டவளும் உழைப்பாளியே. 1971-இல், ‘உன் முதன்மையான வேலை எது?’ என்ற கேள்வி முன்னே வந்தது; ‘வீட்டுவேலை’ என்று சொன்னவள் உழைப்பாளர் வரிசையினின்று விலக்கப்பட்டாள். தேசமெங்கும் உழைக்கும் பெண்களின் விகிதம் திடீரெனத் தாழ்ந்தது. களையெடுத்த கைகள் ஓயவில்லை, இலக்கணம் மாறிற்று.

முற்காலத்தில் இவ்விளக்கங்கள் தடித்த ஏடுகளின் முன்னுரையிலும், கணக்கெடுப்பாளர் கையேட்டிலும் ஒதுங்கிக் கிடந்தன. ஸ்வீடன் நாட்டுப் புள்ளியியல் அறிஞர் போ சுண்ட்கிரென் 1973-இல், தரவைப் பற்றிய தரவையும் புள்ளியியல் அமைப்பின் அங்கமாகப் பேண வேண்டுமென்று ஆராய்ந்து எழுதினார். 1994-இல் ஐக்கிய நாடுகளின் புள்ளியியல் ஆணையம் வகுத்த கோட்பாடுகள், மூலங்களையும் முறைகளையும் வெளியிடுவதை அரசாங்கப் புள்ளியியல் நிறுவனங்களின் கடமையாக்கின. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏழு சர்வதேச நிறுவனங்கள் கூடி, எண்ணும் அதன் விளக்கமும் பிரியாமல் கணினிகளுக்கிடையே செல்வதற்கொரு பொது ஒழுங்கை ஏற்படுத்தின. நம் மத்திய புள்ளியியல் அமைச்சகமும் தேசிய மீத்தரவுக் கட்டமைப்பு ஒன்றை வகுத்திருக்கிறது.

2027-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு கைப்பேசியின் வாயிலாக நடைபெறும் என்று அரசாங்கம் அறிவித்திருக்கிறது. எண்கள் முன்னினும் விரைவாக நம் கைக்கு வரும். அவற்றின் விளக்கமும் அதே விரைவில், அதே பக்கத்தில், தமிழில் வந்து சேர வேண்டும். கோயில் கணக்கில் புள்ளி என்றால் யாரென்பது நகரத்தார் அனைவருக்கும் தெரியும். அதனாலன்றோ அக்கணக்கை யாரும் ஐயுறுவதில்லை! தேசத்தின் கணக்கும் அத்தகைய நம்பிக்கையைப் பெற வேண்டுமானால், வீட்டுக் கதவைத் தட்டும் கணக்கெடுப்பாளர் எதைக் குடும்பமென்று எண்ணுகிறார் என்பதை அடுப்பின் முன் நிற்கும் ஆச்சியும் அறிந்திருத்தல் வேண்டும்.