இன்கா பாதையில் சுமை தூக்கும் கால்கள்!

விடிய இன்னும் நேரம் இருக்கிறது. மலையில் கடுங்குளிர். வெளிநாட்டுப் பயணிகள் கூடாரத்துக்குள் சுருண்டு படுத்திருக்கிறார்கள். அதற்குள் வெளியே அடுப்பு எரிகிறது. கூடார வாசலுக்கே சூடான தேநீர் வந்து சேருகிறது.

கொண்டு வந்தவர் ஒரு போர்ட்டர். இடம், ஆண்டீஸ் மலை. நாடு, தென் அமெரிக்காவில் உள்ள பெரு.

பெருவுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பார்க்க ஆசைப்படுவது மச்சு பிச்சு. 15-ம் நூற்றாண்டில், இன்கா மன்னர் பச்சகூட்டி காலத்தில் எழுந்த மலை நகரம் அது. மலையடிவாரம் வரை ரெயிலிலும் போகலாம். நடக்கத் தெம்பு உள்ளவர்களுக்கு இன்கா காலத்துக் கல் பாதை இருக்கிறது. சுமார் 43 கிலோ மீட்டர். நாலு நாள் நடை.

சக்கரம் இல்லாத சாலை

இன்கா மக்களிடம் வண்டி கிடையாது. குதிரையும் கிடையாது. ஆனாலும் அவர்களுடைய சாலைகள் சுமார் 30 ஆயிரம் கிலோ மீட்டர் நீளம்! இன்றைய 6 நாடுகளில் அவை பரவிக் கிடக்கின்றன. 2014-ல் யுனெஸ்கோ அவற்றை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அந்தச் சாலைகளைப் போட்டது யார்? சாதாரண குடிமக்கள்தான். அங்கே பணம் புழக்கத்தில் இல்லை. அதனால் மக்கள் வரியை உழைப்பாகச் செலுத்தினார்கள். சாலை, பாலம், கோட்டை எல்லாம் அப்படி எழுந்தவையே. அரசாங்கச் செய்தியைக் கொண்டு செல்லவும் ஆட்கள் இருந்தார்கள். ஒருவர் ஓடி வந்து அடுத்தவரிடம் செய்தியைச் சொல்வார். அவர் அங்கிருந்து ஓடுவார்.

அந்தச் சாம்ராஜ்யம் 1530-களில் ஸ்பானியர் கையில் வீழ்ந்தது. சாலை மட்டும் நின்றது. அதில் சுமையும் நிற்கவில்லை.

முதுகில் ஒரு வீடு

இன்கா பாதையில் ஒரு நாளைக்கு 500 பேருக்குத்தான் அனுமதி. அதில் பயணிகள் சுமார் 200 பேரே. மற்றவர்கள் வழிகாட்டிகள், சமையல்காரர்கள், போர்ட்டர்கள்.

கூடாரம், காஸ் அடுப்பு, பாத்திரம், அரிசி, காய்கறி, நாற்காலி எல்லாம் போர்ட்டர் முதுகில்தான். வழியில் உள்ள பெரிய கணவாயின் உயரம் சுமார் 4,200 மீட்டர். கைவீசி நடக்கிற பயணிக்கே அங்கே மூச்சு வாங்கும். போர்ட்டரோ சுமையுடன் முந்திக்கொண்டு ஓடுவார். பயணி வந்து சேரும்போது கூடாரம் தயாராக இருக்கவேண்டும், சூப்பு கொதிக்கவேண்டும்.

இவர்களில் பெரும்பாலோர் கெச்சுவா மொழி பேசும் மலை விவசாயிகள். உருளைக்கிழங்கும் சோளமும் பயிரிடுகிறவர்கள். நிலத்து வருமானம் போதாமல் மூட்டை தூக்க வருகிறார்கள்.

தராசு வந்தது

ஒரு காலத்தில் சுமைக்குக் கணக்கே இல்லை. 40 கிலோவுக்கு மேல் தூக்கியவர்களும் உண்டு. கூலியும் சொற்பம். இரவில் படுக்க, பயணிகள் சாப்பிட்டு முடித்த கூடாரம் காலியாகும் வரை காத்திருக்கவேண்டும்.

போர்ட்டர்கள் சங்கம் அமைத்துக் குரல் கொடுத்தார்கள். 2001-ல் அவர்களுக்காகத் தனிச் சட்டம் பிறந்தது. ஒருவருக்கு 20 கிலோவுக்கு மேல் சுமை கூடாது என்றது அந்தச் சட்டம். பாதை தொடங்கும் இடத்தில் தராசு வைத்து மூட்டைகளை நிறுத்தார்கள்.

சட்டம் வந்ததும் எல்லாம் சரியாகிவிடவில்லை. தராசைத் தாண்டியதும் சுமை கூடுகிறது, பேசிய கூலி கைக்கு வருவதில்லை என்று புகார்கள் தொடர்ந்தன. 2022-ல் சட்டம் மீண்டும் திருத்தி எழுதப்பட்டது.

வழி காட்டியவர் யார்?

1911 ஜூலை 24-ந்தேதி அமெரிக்கப் பேராசிரியர் ஹிராம் பிங்ஹாம் மச்சு பிச்சுவுக்கு ஏறினார். உலகம் அவரைத்தான் கொண்டாடியது. அவரை அழைத்துப்போனவர் மெல்கோர் அர்தேயகா என்ற உள்ளூர் விவசாயி. அதற்கு அவர் பெற்ற கூலி, ஒரு வெள்ளிக்காசு! மேலே போனால், அங்கே ஏற்கனவே விவசாயிகள் குடியிருந்து பயிர் செய்துகொண்டிருந்தார்கள். இடிபாடுகளைப் பிங்ஹாமுக்குச் சுற்றிக் காட்டியவன் அந்த வீட்டுச் சிறுவன்.

கடைசி நாள் காலை

நாலாவது நாள் விடியற்காலையில் பயணிகள் "சூரிய வாசல்" என்ற இடத்தை அடைகிறார்கள். பனி விலகுகிறது. கீழே மச்சு பிச்சு தெரிகிறது. எல்லாருடைய முகத்திலும் பூரிப்பு.

அந்த நேரத்தில் போர்ட்டர்கள் அங்கே இல்லை. கூடாரங்களைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு, வேறு வழியாக மலையை விட்டு இறங்கி ஓடிக்கொண்டிருக்கிறார்கள். தொழிலாளர்களுக்கான காலை ரெயிலைப் பிடிக்கவேண்டுமே! எத்தனையோ முறை இந்தப் பாதையில் சுமை தூக்கியும், மச்சு பிச்சுவுக்குள் ஒரு தடவைகூடக் கால் வைக்காதவர்கள் அவர்களில் உண்டு.

அந்த நகரத்துக்குக் கல் சுமந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.