மொட்டை மாடியில் செயற்கைக்கோள் பார்ப்போமா?



பொழுது சாய்ந்து சிறிது நேரம் கழித்து வானத்தையே பார்த்துக்கொண்டிருங்கள். நட்சத்திரம் ஒன்று தன் இடத்தை விட்டுக் கிளம்பி நடக்கத் தொடங்கியதுபோலத் தோன்றும். சத்தம் இருக்காது. கண்ணைச் சிமிட்டாது. ஒரே சீராக வானத்தைக் கடந்து போகும். அது நட்சத்திரம் அல்ல. மனிதன் செய்து அனுப்பிய செயற்கைக்கோள்!

இதைப் பார்க்கத் தொலைநோக்கி தேவையில்லை. காசு பணமும் தேவையில்லை. உங்கள் இரண்டு கண்களும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் போதும்.

விளக்கு எரிகிறதா?

நான் ஆசிரியராக இருந்தபோது மாணவர்கள் கேட்ட கேள்வி ஒன்று உண்டு. "சார், செயற்கைக்கோளில் விளக்கு போட்டிருக்கிறார்களா?" என்பார்கள். இல்லை. நமக்குத் தெரிவது சூரிய ஒளிதான்.

சூரியன் மறைந்த பிறகுதானே பார்க்கிறோம், சூரிய ஒளி எங்கிருந்து வரும் என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. மாலையில் உங்கள் ஊர்க் கோயில் கோபுரத்தைக் கவனியுங்கள். தெருவில் வெயில் போய்விட்டாலும் கோபுரக் கலசத்தில் மஞ்சள் வெயில் இருக்கும். உயரத்தில் இருப்பதற்குச் சூரியன் இன்னும் மறையவில்லை என்று பொருள். 400 கிலோ மீட்டர் உயரத்தில் ஒரு கோபுரம் இருந்தால்? நமக்கு இருட்டிய பிறகும் வெகுநேரம் அதன்மீது வெயில் அடிக்கும் அல்லவா? செயற்கைக்கோளும் அப்படித்தான் வெயிலில் மின்னுகிறது.

ஆகவே பார்க்க ஏற்ற நேரம் இரண்டு. சூரியன் மறைந்த பிறகு சுமார் ஒன்றரை மணி நேரம். விடிவதற்கு முன் சுமார் ஒன்றரை மணி நேரம். நள்ளிரவில் தாழ்வாகப் பறக்கும் செயற்கைக்கோள்களும் பூமியின் நிழலுக்குள் போய்விடும். அப்போது அவை தலைக்கு மேலே சென்றாலும் நமக்குத் தெரியாது.

எது விமானம்? எது செயற்கைக்கோள்?

சிவப்பும் பச்சையுமாக விளக்குகள் விட்டுவிட்டு எரிந்தால் அது விமானம். ஒன்றிரண்டு விநாடியில் கோடு கிழித்து மறைந்தால் எரிநட்சத்திரம். நிதானமாக, சில நிமிடங்கள் நகர்ந்துகொண்டே போனால் செயற்கைக்கோள். சில புள்ளிகள் பளிச்சென்று கூடி, பிறகு மங்கி, மறுபடியும் கூடும். அவை பெரும்பாலும் வேலை முடிந்த ராக்கெட்டின் பாகங்கள். பம்பரம்போலச் சுழன்று புரள்வதால்தான் அந்த ஏற்ற இறக்கம்.

உங்கள் வீட்டு டிஷ் ஆண்டெனா பார்த்துக்கொண்டிருக்கும் தொலைக்காட்சிச் செயற்கைக்கோள் வெறும் கண்ணுக்குத் தெரியாது. அது சுமார் 36,000 கிலோ மீட்டர் தொலைவில் இருக்கிறது. பூமி சுழலும் வேகத்துக்கு ஈடாக அதுவும் சுற்றுவதால், ஒரே இடத்தில் நிற்பதுபோல இருக்கும். டிஷ்ஷை நாம் தினமும் திருப்ப வேண்டியதில்லையே, அதற்குக் காரணம் இதுதான்!

வானத்தில் ஒரு வீடு

எல்லாவற்றிலும் சுலபமாகத் தெரிவது சர்வதேச விண்வெளி நிலையம். ஏறக்குறைய ஒரு கால்பந்து மைதானத்தின் நீளம் கொண்டது. இதன் முதல் பகுதி 1998ல் ஏவப்பட்டது. 2000 நவம்பர் 2 முதல் ஒரு நாள்கூட ஆளில்லாமல் இருந்ததில்லை. நம் நாட்டு வீரர் சுபான்ஷு சுக்லா 2025 ஜூன் 26 அன்று அங்கே போய்ச் சேர்ந்து, 18 நாட்கள் தங்கி ஆராய்ச்சிகள் செய்தார். அங்கே சென்ற முதல் இந்தியர் அவர்தான்.

இந்த நிலையம் சுமார் 93 நிமிடத்தில் பூமியை ஒருமுறை சுற்றிவிடும். சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்கு ரயிலில் இரவு முழுக்கப் பயணம் செய்கிறோம். இதற்கு ஒன்றரை நிமிடம் போதும்! மேற்குப் பக்கத்திலிருந்து கிழக்குப் பக்கமாகத்தான் எப்போதும் வரும்.

மாலையில் இது கிழக்கே போகும்போது கண்ணை எடுக்காதீர்கள். பல நாட்களில் அடிவானத்தைத் தொடும் முன்பே, மேகம் எதுவும் இல்லாத இடத்திலேயே, சில விநாடிகளில் மங்கி மறைந்துவிடும். எங்கே போயிற்று? பூமியின் நிழலுக்குள் நுழைந்துவிட்டது! நீங்கள் நிற்கும் இந்தப் பூமியின் நிழல் எங்கே தொடங்குகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிட்டீர்கள்.

நம் ஊருக்குக் கிடைத்த சலுகை

1990ல் விண்ணுக்குச் சென்ற ஹப்பிள் தொலைநோக்கியையும் நாம் பார்க்கலாம். அது பூமியின் நடுப்பகுதியை ஒட்டியே சுற்றுகிறது. மாஸ்கோவில் இருக்கும் மாணவர் எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் அவருக்கு அது தெரியாது. நமக்கோ நேர் தலைக்கு மேலேயே வரும். விண்வெளி நிலையம் அளவுக்குப் பிரகாசம் இருக்காது; ஆனாலும் விளக்கு வெளிச்சம் குறைந்த இடத்தில் நன்றாகவே தெரியும். சீனாவின் தியான்கோங் விண்வெளி நிலையமும் நம் வானத்தில் பளிச்சென்று வந்து போகும்.

முஷ்டியால் வேகம் அளக்கலாம்

இனி ஒரு சோதனை. விண்வெளி நிலையம் நேர் தலைக்கு மேலே கடக்கும் நாளாகத் தேர்ந்தெடுங்கள். மாடியில் பாய் விரித்துப் படுத்துக்கொள்ளுங்கள். கையை நன்றாக நீட்டி, முஷ்டியை மூடி, உச்சி வானத்தில் அந்தப் புள்ளி வரும் வழியில் குறுக்கே பிடியுங்கள். ஒரு கண்ணை மூடிக்கொள்ளுங்கள். புள்ளி முஷ்டிக்குப் பின்னால் மறைந்து, மறுபக்கம் வெளியே வர எத்தனை விநாடி ஆகிறது? பக்கத்தில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சொல்லட்டும்.

நீட்டிய கையின் முஷ்டி வானத்தில் சுமார் 10 டிகிரியை மறைக்கும். சிறுவர்களுக்கு முஷ்டி சிறியது, கையும் குட்டை. அதனால் கணக்கு ஏறக்குறைய சரியாகவே வரும். 400 கிலோ மீட்டர் உயரத்தில் 10 டிகிரி என்பது சுமார் 70 கிலோ மீட்டர். உங்களுக்கு 9 விநாடி கிடைத்தால், 70ஐ 9ஆல் வகுங்கள். விநாடிக்கு ஏறக்குறைய 7.8 கிலோ மீட்டர். விஞ்ஞானிகள் சொல்லும் அளவு சுமார் 7.7. பார்த்தீர்களா, வித்தியாசம் எவ்வளவு குறைவு!

மாணவர்கள் கண்டுபிடித்த ரகசியம்

பிள்ளைகள் வானத்தைக் கவனித்து என்ன ஆகப்போகிறது என்று யாராவது சொன்னால், இந்தக் கதையைச் சொல்லுங்கள். இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரில் ஒரு பள்ளி. அங்கே ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் இருந்தார். அவரும் மாணவர்களும் சாதாரண ரேடியோப் பெட்டியை வைத்துக்கொண்டு, சோவியத் நாட்டுச் செயற்கைக்கோள்கள் அனுப்பிய ஒலியைக் கேட்டுக் குறித்து வந்தார்கள். எப்போது வந்தது, எப்போது போனது என்று நேரத்தை எழுதி வைத்தார்கள்.

1966ல் காஸ்மாஸ் 112 என்ற செயற்கைக்கோள் பறந்தது. குறிப்பேட்டைப் பார்த்தவர்களுக்குச் சந்தேகம் வந்தது. வழக்கமான ஏவுதளத்திலிருந்து கிளம்பியிருந்தால் பாதை இப்படி இருக்காதே! தொடர்ந்து கவனித்தார்கள், கணக்குப் போட்டார்கள். வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற இடத்தில் ரகசிய ஏவுதளம் ஒன்று இருப்பதை அதே ஆண்டு உலகத்துக்கு அறிவித்தார்கள். அப்படி ஒன்று இருப்பதைச் சோவியத் அரசு 1983ல்தான் ஒப்புக்கொண்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் குறிப்பேடு செய்த வேலையைப் பார்த்தீர்களா?

வானம் மாறுகிறது

1957 அக்டோபர் 4 அன்று முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக் பறந்தபோது வானத்தில் அது ஒன்றுதான். இன்று இயங்கிக்கொண்டிருப்பவை மட்டும் பத்தாயிரத்துக்கும் மேல். 2019 மே மாதம் முதல் ஸ்டார்லிங்க் இணையச் செயற்கைக்கோள்கள் கூட்டம் கூட்டமாக ஏவப்படுகின்றன. ஏவிய சில நாட்களுக்கு அவை ரயில் பெட்டிகள்போல வரிசையாகப் போவதைப் பார்க்கலாம். பார்க்க அழகுதான். ஆனால் வானியல் அறிஞர்கள் எடுக்கும் படங்களில் இவை குறுக்கே கோடு போட்டுவிடுகின்றன. மலைக்கும் கடலுக்கும் இணையம் வேண்டும். நட்சத்திரங்களும் தெரிய வேண்டும். இரண்டையும் எப்படிக் காப்பது? நீங்கள் பெரியவர்களாகும்போது விடை காண வேண்டிய கேள்வி இது.

இன்னொன்று. சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வயதாகிவிட்டது. 2030ஐ ஒட்டி அதன் பணியை முடித்து, பசிபிக் கடலில் ஆள் நடமாட்டமே இல்லாத பகுதியில் விழவைக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். ஆகவே இப்போதே பார்த்துவிடுங்கள்.

எப்படித் தொடங்குவது?

* வீட்டுப் பெரியவர்களின் செல்போனில் நாசாவின் 'ஸ்பாட் தி ஸ்டேஷன்' செயலியையோ, 'ஹெவன்ஸ் அபோவ்' இணையதளத்தையோ பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் ஊருக்கு உரிய நேரமும் திசையும் கிடைக்கும்.

* உயரம் டிகிரியில் இருக்கும். 0 என்றால் அடிவானம். 90 என்றால் உச்சி. 40க்கு மேல் உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

* ஐந்து நிமிடம் முன்பே போய் நில்லுங்கள். கண் இருட்டுக்குப் பழகட்டும். செல்போனை அணைத்துவிடுங்கள்.

* தேதி, நேரம், வந்த திசை, மறைந்த இடம், பிரகாசம் இவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள்.

* ஐப்பசி, கார்த்திகையில் மேகம் ஏமாற்றும். தை முதல் பங்குனி வரை வானம் பெரும்பாலும் தெளிவாக இருக்கும்.

* கைப்பிடிச் சுவர் இல்லாத மாடிக்குப் போக வேண்டாம். வானத்தைப் பார்த்துக்கொண்டே நடக்கவும் வேண்டாம். அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி யாரையாவது கூட்டிக்கொண்டு போங்கள். அவர்களும் பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் காட்டிக் கொடுங்கள்!