கன்னத்தில் மங்கு: கண்ட களிம்பைப் பூசாதீர்!

ஒக்கலிபுரம் தாய்மார்களே! கன்னத்தில் கருமை படர்ந்தால் 'மங்கு' என்கிறோம். வெயில், கர்ப்பம், கருத்தடை மாத்திரை, பரம்பரை ஆகியவை காரணங்கள். பிரசவத்துக்குப் பின் பலருக்குத் தானே குறையும். பெங்களூர் சுமார் 920 மீட்டர் உயரத்தில் உள்ளது. காற்று குளிர்ந்தாலும் வெயில் கடுமையே. குடை பிடியுங்கள்.

நீங்களாகவே களிம்பு வாங்காதீர்கள். ஸ்டீராய்டு கலந்த களிம்பு முதலில் முகத்தை வெளுப்பாக்கும். நாளடைவில் தோல் மெலியும், சிவக்கும், பரு கிளம்பும். இதனால்தான் 2018-ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு களிம்புகளை டாக்டர் சீட்டின்றி விற்கத் தடை விதித்தது.

பிடரியில் தடித்த கருமையா? சர்க்கரைப் பரிசோதனை செய்யுங்கள். உணர்ச்சியற்ற வெளிர் தேமலா? தொழுநோயாக இருக்கலாம். மறைக்க வேண்டாம், அரசு மருத்துவமனைகளில் மாத்திரை இலவசம், நோய் குணமாகும். விக்டோரியா மருத்துவமனை நமக்குத் தொலைவில் இல்லை.