349.34 சிசி: தண்டலத்திலிருந்து ஒரகடம் வரை ஒரு பைக்கின் கணக்கு

சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் பூந்தமல்லியைத் தாண்டித் தண்டலம் வந்துவிட்டால் தொழிற்சாலை மண்டலம் தொடங்கிவிடும். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், வல்லம் வடகால், ஒரகடம் என்று நீளும் இந்தத் தடத்தில் ஷிப்டுக்குப் போகும் இளைஞர்கள் பலருக்கு முதல் பெரிய செலவு ஒரு பைக்தான். அவர்கள் ஆசைப்படும் வண்டிகளில் ஒன்று, இந்தத் தடத்திலேயே ஆலைகள் வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டின் ஹன்ட்டர் 350. அந்த நிறுவனத்தின் மாடல்களில் விலை குறைந்தது அதுதான். அதன் இன்ஜின் எங்கிருந்து வருகிறது, என்ன செய்கிறது, வாங்குபவருக்கு உண்மையில் எவ்வளவு ஆகிறது என்று வரி வரியாகப் பார்ப்போம்.

எங்கே

1955: மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் என்ஃபீல்டும் சேர்ந்து 'என்ஃபீல்டு இந்தியா'வைத் தொடங்கின. ஆலை வடசென்னையின் திருவொற்றியூரில்.
1994: நிறுவனம் ஐஷர் குழுமத்துடன் இணைந்தது.
2013: ஒரகடம் ஆலை.
2017: வல்லம் வடகால் ஆலை.

கடலோரத் திருவொற்றியூரில் விரிவாக்க இடம் இல்லை. ஒரகடம் பக்கம் சிப்காட் நிலம், இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளை இணைக்கும் சாலை, ஏற்கெனவே வந்திருந்த கார், லாரி, டயர் ஆலைகள், அவற்றைச் சுற்றி உதிரிபாகம் செய்பவர்கள் என எல்லாம் இருந்தன. 2010-இல் ஆண்டுக்கு ஐம்பதாயிரம் அளவில் விற்ற நிறுவனம், 2024-25 நிதியாண்டில் 10,09,900 பைக்குகளை விற்றது. உள்நாட்டில் 9,02,757, ஏற்றுமதி 1,07,143. ஆண்டுக்கு 300 வேலைநாள் என்று வைத்தால் நாளுக்கு 3,366 வண்டி. ஆலைகள் 24 மணி நேரமும் ஓடுவதாகக் கொண்டாலும் 26 நொடிக்கு ஒன்று.

ஹன்ட்டர் 2022 ஆகஸ்டில் வந்தது. 2025 தொடக்கத்தில் அதன் விற்பனை 5 லட்சத்தைத் தொட்டது. சராசரியாக மாதம் 16,000-க்கு மேல்.

என்ன

இன்ஜினின் பெயர் ஜே-சீரிஸ். 2020 நவம்பரில் மீட்டியர் 350-இல் முதலில் வந்தது. சென்னையிலும் இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரிலும் உள்ள தொழில்நுட்ப மையங்களில் உருவான வடிவமைப்பு. முந்தைய 350 இன்ஜினுடன் ஒப்பிட்டால் மாற்றம் தெரியும்.

சிலிண்டர் விட்டம்: முன்பு 70 மி.மீ., இப்போது 72 மி.மீ.
ஸ்ட்ரோக்: முன்பு 90 மி.மீ., இப்போது 85.8 மி.மீ.
கொள்ளளவு: முன்பு 346 சிசி, இப்போது 349.34 சிசி
உச்சத் திறன்: முன்பு 5,250 சுற்றில் 19.1 பிஎச்பி, இப்போது 6,100 சுற்றில் 20.2 பிஎச்பி
உச்ச டார்க்: முன்பு 4,000 சுற்றில் 28 நியூட்டன் மீட்டர், இப்போது அதே 4,000-இல் 27

டார்க் ஒன்று குறைந்து, திறன் ஒன்று கூடியிருக்கிறது. இன்ஜின் இன்னும் கொஞ்சம் மேலே சுற்றச் சம்மதிக்கிறது. கூடவே வந்த பேலன்சர் ஷாஃப்ட் அதிர்வைக் குறைத்தது. பழைய புல்லட் ஓட்டியவர்களுக்கு அதன் அருமை தெரியும்.

இன்னொரு கணக்கும் முக்கியம். 27 நியூட்டன் மீட்டர் டார்க்கை 4,000 சுற்றால் பெருக்கினால் கிடைப்பது சுமார் 15.2 பிஎச்பி. மொத்தத் திறனில் முக்கால் பங்கு அங்கேயே வந்துவிடுகிறது. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே, சிக்னலுக்குச் சிக்னல் நின்று கிளம்பும் ஒரகடம் சாலையில் இந்த முக்கால் பங்குதான் தினமும் பயன்படும். வண்டியின் எடை 181 கிலோ. இதே இன்ஜின் வைத்த கிளாசிக் 350 சுமார் 195 கிலோ. அந்த 14 கிலோ குறைந்தது ஹன்ட்டரின் சுறுசுறுப்புக்கு ஒரு காரணம்.

ஏன் 349.34

இந்தக் கட்டுரையின் மையக் கணக்கு இது. 2025 செப்டம்பர் 22 முதல், 350 சிசி வரையிலான இருசக்கர வாகனங்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்தது. 350-ஐத் தாண்டியவற்றுக்கு, கூடுதல் செஸ் சேர்த்து 31 ஆக இருந்தது 40 ஆக உயர்ந்தது.

ஹன்ட்டர் அந்தக் கோட்டுக்கு 0.66 சிசி கீழே நிற்கிறது. ஸ்ட்ரோக்கில் 0.17 மி.மீ. கூட்டியிருந்தால் கோட்டைத் தாண்டியிருக்கும். ஹோண்டாவின் சிபி350 இன்ஜினும் 348.36 சிசி. இரண்டு நாட்டு நிறுவனங்கள், இரண்டு வடிவமைப்புகள், ஆனால் வேலி ஒன்று.

வேலியின் விலையைக் கணக்கிடலாம். ஹன்ட்டரின் அடிப்படை மாடல் பழைய எக்ஸ்-ஷோரூம் விலை 1,49,900 ரூபாய். அதிலிருந்து 28 சதவீத வரியைப் பிரித்தால் மிஞ்சுவது 1,17,109.

18 சதவீதத்தில்: 1,38,189
40 சதவீதத்தில்: 1,63,953
வித்தியாசம்: 25,764

தமிழ்நாட்டில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பைக்குக்கு ஆயுள் வரி 12 சதவீதம். வரியின் மேல் வரியாக அந்த வித்தியாசத்துக்கு இன்னும் 3,092. மூன்றாம் நபர் காப்பீட்டிலும் அதே கோடு இருக்கிறது. 2022 ஜூனில் அறிவித்த ஐந்தாண்டுக் கட்டணம் 150-க்கு மேல் 350 வரை 7,365 ரூபாய். 350-ஐத் தாண்டினால் 15,117. வித்தியாசம் 7,752.

மூன்றையும் கூட்டினால் 36,608 ரூபாய். ஆறில் ஒரு பங்கு மில்லிமீட்டரின் விலை அது. வண்டியின் வேகம், புகை, எரிபொருள் எதுவும் இந்தத் தொகையை நிர்ணயிக்கவில்லை. கொள்ளளவு மட்டுமே நிர்ணயித்தது. இந்த மண்டலத்தில் தயாராகும் ராயல் என்ஃபீல்டுகளில் பெரும்பகுதி கோட்டுக்குக் கீழேதான் என்பதால், டெல்லியில் கோடு நகர்ந்தால் ஒரகடத்தில் ஷிப்டு நகரும்.

வாங்குபவருக்கு எவ்வளவு

வரிக்குறைப்புக்குப் பின் அறிவித்த அடிப்படை மாடல் விலை 1,37,640. குறைந்தது 12,260.

விலை: 1,37,640
ஆயுள் வரி 12 சதவீதம்: 16,517
ஐந்தாண்டு மூன்றாம் நபர் காப்பீடு: 7,365
கூட்டுத்தொகை: 1,61,522

பதிவுக் கட்டணம், சொந்தச் சேதக் காப்பீடு, காப்பீட்டு ஜிஎஸ்டி இதில் இல்லை.

அடுத்து பெட்ரோல். நிறுவனம் சொல்லும் மைலேஜ் லிட்டருக்கு 36.2 கி.மீ. நெரிசலில் 32 கிடைப்பதாக வைப்போம். தண்டலத்திலிருந்து ஒரகடத்துக்கு ஒருவழி 20 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1,000 கி.மீ. அதற்கு 31.25 லிட்டர், லிட்டர் 101 ரூபாய் என்று கொண்டால் மாதம் 3,156. ஐந்தாண்டில் 60,000 கி.மீ.க்கு 1,89,375 ரூபாய். வண்டியின் விலையைவிடப் பெட்ரோல் 51,735 அதிகம்.

லிட்டருக்கு 60 கி.மீ. தரும் 100 சிசி வண்டிக்கு அதே தூரத்துக்கு 1,01,000 போதும். மாத வித்தியாசம் 1,473. அதாவது ஜிஎஸ்டி குறைப்பில் கிடைத்த 12,260 ரூபாய் எட்டரை மாதத்துக்குள் பெட்ரோல் பங்கில் தீர்ந்துவிடும்.

கடன் வாங்கினால் இன்னொரு கணக்கு. 1,20,000 ரூபாயை 10 சதவீத வட்டிக்கு மூன்று ஆண்டு எடுத்தால் மாதத் தவணை 3,872. மொத்த வட்டி 19,394. தவணையும் பெட்ரோலும் சேர்ந்து மாதம் 7,028.

கணக்கு சொல்வது

ஹன்ட்டர் நல்ல வண்டி. 4,000 சுற்றுக்குள் முக்கால் திறனைத் தரும் இன்ஜினை, இங்குள்ள ஆலைகளில் இவ்வளவு பேர் சேர்ந்து நொடிக்கணக்கில் இறக்குவது பெருமைக்குரிய சாதனை. ஆனால் அந்த உழைப்பின் மதிப்பை விலைப்பட்டியலில் தீர்மானிப்பது 350 என்ற ஒற்றை எண். வரிக்கோட்டைக் கொள்ளளவிலிருந்து மைலேஜுக்கும் மாசுக்கும் மாற்றினால், பொறியாளர்கள் தங்கள் திறமையை வேலிக்குக் கீழே நிற்பதற்கு அல்லாமல் ஒரு லிட்டரில் இன்னும் தூரம் போவதற்குச் செலவிடுவார்கள். அந்தப் பலன் தொழிலாளியின் பையில் மாதாமாதம் சேரும்.

அதுவரை, ஷோரூமில் எக்ஸ்-ஷோரூம் விலையோடு நிற்காமல் ஐந்தாண்டுக் கூட்டுத்தொகையைக் கேளுங்கள். 1,37,640-ல் தொடங்கும் இந்த வண்டி, சர்வீஸும் டயரும் சேர்க்காமலே, மூன்றரை லட்சத்தில் முடிகிறது. அது உங்கள் சம்பளத்தில் அடங்குமானால், தயங்காமல் வாங்குங்கள்.