நான்கில் ஒன்று

மாலைவேளையொன்றில் அயலவர் ஒருவர் எம்மைத் தேடி வந்தார். அவருடைய மூத்த மகனுக்குத் தலசீமியா என்னும் குருதிநோய் உண்டென்பதை யாம் முன்னரே அறிவோம்.

“நான்கில் ஒரு பிள்ளைக்கு இந்நோய் வரலாமென்று வைத்தியர் சொன்னார், மாஸ்டர். அந்த ஒன்று வந்து முடிந்ததென்று ஆறியிருந்தோம். நடுவிலானுக்கு ஒன்றுமில்லை. இப்போது கடைசிப் பெண்ணுக்கும் அதே நோயென்கிறார்கள். கணக்குப் பிழைத்துவிட்டதா?”

கணக்குப் பிழைக்கவில்லை. அதை விளங்கிக்கொண்ட விதமே பிழைத்தது. எம் வகுப்பு மாணவரிலும் பலர் இவ்விடத்திலேதான் வழுக்கி விழுகின்றனர்.

கிரெகர் மெண்டல் என்னும் துறவி புரூண் நகரத்து மடத்தோட்டத்திலே உருண்டை விதைப் பட்டாணியையும் திரங்கிய விதைப் பட்டாணியையும் கலந்தார். முதற் சந்ததியில் யாவும் உருண்டையாகவே இருந்தன. அடுத்த சந்ததியிலோ 7,324 விதைகளுள் 5,474 உருண்டை, 1,850 திரங்கியவை. மறைந்திருந்த இயல்பு நான்கில் ஒரு பங்காக மீண்டும் தலைகாட்டிற்று. 1866 இல் அச்சேறிய அவரது கட்டுரையை அக்காலத்தவர் பெரிதும் பொருட்படுத்தவில்லை.

தலசீமியாவின் பெருவகையான பீற்றா தலசீமியாவும் இவ்வழியே வருவது. ஈமோகுளோபினை ஆக்குதற்குரிய பரம்பரையலகுகளுள் ஒன்று தந்தையிடமிருந்தும் மற்றையது தாயிடமிருந்தும் கிடைக்கின்றன. ஒன்று மட்டும் பழுதானவர் காவி எனப்படுவர்; அவர் சுகதேகியாகவே வாழ்வர். இரண்டும் பழுதான பிள்ளைக்கோ சில வாரங்களுக்கொருமுறை குருதி ஏற்றவேண்டும்; அதனால் உடலிற் சேரும் இரும்பை அகற்றவும் மருந்து வேண்டும். குருநாகலில் இந்நோய்க்கெனவே தேசிய நிலையமொன்று இயங்குகின்றது.

தாயும் தந்தையும் காவிகளாயின், இருவரும் ஆளுக்கொரு காசு சுண்டுவதாகக் கொள்க. பூ விழுந்தால் பழுதான அலகு. இரண்டும் பூவாய் விழுதல் பாதியிற் பாதி, அதாவது நான்கில் ஒன்று. ஆனால் சென்ற முறை என்ன விழுந்ததென்று காசு அறியாது. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகவே சுண்டப்படுகின்றது. மெண்டலுக்கு ஏழாயிரம் விதைகள் இருந்தன. ஆதலால் விகிதம் துலங்கிற்று. நம் வீடுகளிலோ இரண்டு, மூன்று பிள்ளைகள். இத்தகைய பெற்றோருக்கு நான்கு பிள்ளைகள் வீதம் பிறந்த 256 குடும்பங்களை எண்ணினால், எதிர்பார்க்கத்தக்கது இது: 81 இல் நோயாளி எவருமில்லை, 108 இல் ஒருவர், எஞ்சிய 67 இல் இருவரோ அதற்கு மேற்பட்டோரோ.

பெற்றோருள் ஒருவரே காவியாயின் இந்நோயுள்ள பிள்ளை பிறக்க இடமில்லை. சாதகப் பொருத்தம் பார்க்க ஏடு தூக்கி அலையும் நாம், மணத்துக்கு முன் ஒரு குருதிச் சோதனைக்கு நாணுவது விந்தையே.

அயலவர் எழும்போது நடுவிலானைப் பற்றி வினவினார். அவன் காவியாயிருத்தல் பாதிக்குப் பாதியா? அன்று. நோயுற்ற நிலை அவன்மட்டில் நீங்கிவிட்டமையால் மூன்று வழிகளே எஞ்சுகின்றன. அவற்றுள் இரண்டில் அவன் காவி. மூன்றில் இரண்டு என்று காகிதத்தில் எழுதிக் கொடுத்தோம். அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, சோதனைக்கு எந்நாளிற் போகலாமென்று கேட்டார்.