பழைய சேத்தக் இன்ஜின்: எதற்கு முதலில் செலவழிப்பது?

வீட்டு மூலையில் தூசி படிந்து நிற்கும் பஜாஜ் சேத்தக்கை மறுபடி ஓட வைக்கும் ஆசை பலருக்கும் உண்டு. ஆசைப்பட்டவர்களில் பாதிப் பேர் பாதி வழியில் நின்றுபோகிறார்கள். இன்ஜின் பீஸ் பீஸாகச் சாக்கில் கிடக்கும். பெயிண்டுக்கும் குரோம் பூச்சுக்கும் பணம் ஏற்கெனவே போயிருக்கும். குறை பணத்தில் மட்டும் இல்லை. எதற்கு முன்னால் செலவழிப்பது, எதைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்ற வரிசையில்தான் இருக்கிறது. அந்த வரிசையை இன்ஜின் வேலை செய்யும் விதமே சொல்லிக்கொடுத்துவிடுகிறது.

இத்தாலியின் பியாஜியோ நிறுவனம் 1946-இல் கொண்டுவந்த வெஸ்பாவின் வாரிசுதான் சேத்தக். பியாஜியோவின் உரிமம் முடிந்த பிறகு, 1972-இல் பஜாஜ் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. சிலிண்டரின் விட்டம் 57 மி.மீ., பிஸ்டன் ஏறி இறங்கும் தூரமும் 57 மி.மீ.; கொள்ளளவு 145 சி.சி.க்குச் சற்று அதிகம். தனியாக ஆயில் பம்ப் கிடையாது. பெட்ரோலில் கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் உயிர்.

காற்றுப் புகாத அறை

டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் பிஸ்டன் இரண்டு பக்கமும் வேலை செய்கிறது. மேலே எரிந்த வாயு அதைக் கீழே தள்ளும்போது, கிராங்க் சுழலும் அறையில் உள்ள பெட்ரோல்–காற்றுக் கலவையை அது அழுத்திச் சிலிண்டருக்குள் அனுப்புகிறது. மேலே ஏறும்போது அதே அறையில் வெற்றிடம் உண்டாகி, கார்புரேட்டரிலிருந்து புதிய கலவை உள்ளே இழுபடுகிறது. கிராங்க் அறை ஒரு சைக்கிள் பம்ப் மாதிரி. எங்கே ஓட்டை விழுந்தாலும் பம்ப் பயனற்றது.

அந்த அறையை அடைத்துக் காப்பவை கிராங்கின் இரு முனைகளிலும் உள்ள இரண்டு ரப்பர் ஆயில் சீல்கள். கிளட்ச் பக்கச் சீல் கெட்டால், கியர் ஆயில் உள்ளே இழுபட்டுச் சைலன்சரிலிருந்து அடர்ந்த வெள்ளைப் புகை வரும். பிளக் எண்ணெயில் நனையும். மேக்னெட் பக்கச் சீல் கெட்டால் ஆபத்து அதிகம். வெளிக்காற்று உள்ளே புகுந்து கலவையில் பெட்ரோல் குறையும்; பெட்ரோலோடு வரும் ஆயிலும் குறையும்; சூடு ஏறும்; கடைசியில் பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொள்ளும். இன்ஜினிலேயே மிக மலிவான பொருள்களில் ஒன்று, மிக விலை உயர்ந்த பொருள்களைத் தின்றுவிடுகிறது. வருடக்கணக்கில் நின்ற வண்டியில் சீலின் உதடு விறைத்துப் போயிருக்கும். நகத்தால் அழுத்தினால் வளையாது. அது பார்வைக்கு நன்றாகத் தெரிந்தாலும் மாற்றத்தான் வேண்டும்.

ஆகவே ஒரு பொருளுக்குப் பணம் ஒதுக்கும்போது அதன் விலையை மட்டும் பார்க்காதீர்கள். அது எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது, அது கெட்டால் வேறு எது கெடும் என்று பாருங்கள். கார்புரேட்டர், பிளக், காயில் இவற்றை இன்ஜினை இறக்காமலே பிறகு மாற்றலாம். கிராங்க் பேரிங், சீல், கியர் மாற்றும் கூட்டல் குறி வடிவத் துண்டு ஆகியவற்றைத் தொட வேண்டுமானால் கேஸையே இரண்டாகப் பிளக்க வேண்டும். பிளந்த அன்றே இவற்றை மாற்றிவிடுவதுதான் சிக்கனம்.

வாங்கும் முன் அளவெடுங்கள்

சிலிண்டர் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை அறிய விலை உயர்ந்த கருவி தேவையில்லை. ஒரு ஃபீலர் கேஜ் போதும். பழைய ரிங் ஒன்றைச் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனின் தலையால் தள்ளினால் அது கோணாமல் உட்காரும். தேய்மானம் அதிகமுள்ள மேல்பகுதியில் ரிங்கின் இரு முனைகளுக்கும் இடையிலான இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். அதே ரிங்கைத் தேய்மானம் குறைந்த அடி விளிம்பருகே தள்ளி மறுபடி அளக்க வேண்டும். மேலே 0.6 மி.மீ., கீழே 0.3 மி.மீ. என்றால் வித்தியாசம் 0.3. வட்டத்தின் சுற்றளவு விட்டத்தைப் போல 3.14 மடங்கு; எனவே 0.3-ஐ 3.14-ஆல் வகுத்தால், மேலே விட்டம் ஏறக்குறைய 0.1 மி.மீ. கூடியிருப்பது தெரியும். பள்ளிக்கூடத்துக் கணக்கு இங்கே பணமாகிறது: ரிங் மட்டும் போதுமா, சிலிண்டரைக் குடைந்து போரிங் போட வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யலாம்.

பிஸ்டன் தலையில் படிந்த கரியைச் சுரண்டினால், முன்பே ஓவர்சைஸ் (பெரிய அளவுப் பிஸ்டன்) போட்டிருந்தால் பெரும்பாலும் அதன் எண் பொறித்திருக்கும். கடைசி ஓவர்சைஸ் வரை போயிருந்தால் சிலிண்டரையே மாற்றவோ, புது ஸ்லீவ் இறக்கவோ பணம் ஒதுக்க வேண்டும்.

கனெக்டிங் ராடை நேர் மேலாகவும் கீழாகவும் அசைத்துப் பாருங்கள். அந்தத் திசையில் துளி ஆட்டம் இருந்தாலும், ராடின் அடியில் உள்ள பிக் எண்ட் பேரிங் போய்விட்டது என்று பொருள். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடுவது இயல்பு.

பட்ஜெட்டில் மூன்று பத்திகள்

தாளை மூன்றாகப் பிரியுங்கள். முதல் பத்தியில், கேள்வியே இல்லாமல் மாற்ற வேண்டியவை: எல்லா ஆயில் சீல்கள், பேக்கிங் செட், கிராங்க் பேரிங்குகள், கியர் மாற்றும் துண்டு. இரண்டாம் பத்தியில், அளந்த பிறகு முடிவாகிறவை: பிஸ்டன் கிட், போரிங், கனெக்டிங் ராட், கிளட்ச் பிளேட். மூன்றாம் பத்தியில், கருவியும் வெளிக்கூலியும். விலை கடைக்குக் கடை மாறும். இந்த வரிசை மாறாது.

போரிங்குக்குக் கொடுக்கும் முன் பிஸ்டனை வாங்கிவிடுங்கள். அலுமினியப் பிஸ்டன், இரும்புச் சிலிண்டரைவிட வேகமாகச் சூட்டில் பெருகும். அதற்கு இடம் விட்டுத்தான் குடைய வேண்டும். அந்த இடைவெளி கையில் இருக்கும் பிஸ்டனின் அளவைப் பொறுத்தது. முதலில் குடைந்துவிட்டுப் பிறகு பிஸ்டன் தேடுகிறவர், இறுகலாகவோ தளர்வாகவோ ஒன்றைப் பெற்று இரண்டு முறை செலவழிக்கிறார்.

பேரிங் பொருத்த அதே இயற்பியல் உதவுகிறது. 60 மி.மீ. அகலமுள்ள அலுமினியத் துளை, 80 டிகிரி கூடுதலாகச் சூடேறினால் ஏறக்குறைய 0.1 மி.மீ. விரியும். கேஸைச் சூடாக்கி, ஃப்ரீசரில் வைத்த பேரிங்கை இறக்கினால் சுத்தியலே வேண்டாம். ஆனால் மேக்னெட் கழற்றும் புல்லரை மட்டும் கட்டாயம் வாங்குங்கள். மேக்னெட்டைத் தட்டிக் கழற்றினால், அழுத்திப் பொருத்தப்பட்ட கிராங்க் நேர்க்கோட்டிலிருந்து விலகிவிடும். ராட் மாற்றுவதும் கிராங்கை நேராக்குவதும் பிரஸ் உள்ள பட்டறையின் வேலை. அதை வீட்டில் முயலக் கூடாது.

கேஸ் பார்த்த பிறகே பெயிண்ட்

பிளந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, கலவை உள்ளே வரும் துளையைச் சுற்றியுள்ள வழவழப்பான பரப்பு. சுழலும் கிராங்க் அதை மயிரிழை இடைவெளியில் உரசாமல் கடந்து, கதவு போலத் துளையைத் திறந்து மூடுகிறது. அங்கே நகம் மாட்டும் அளவுக்கு ஆழமான கீறல் இருந்தால், கலவை பின்னோக்கித் தள்ளப்படும், வண்டி திணறும். வேறு கேஸ் தேடினால் இன்னொரு சிக்கல்: இன்ஜின் எண் கேஸில்தான் பொறிக்கப்பட்டிருக்கிறது, ஆர்.சி.யிலும் அதே எண்தான் இருக்கும். எண் மாறினால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பதிய வேண்டும். 15 ஆண்டு கடந்த வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தையும் பட்ஜெட்டில் எழுதிவையுங்கள்.

மொத்தத்தில் கால் பங்கை எதற்கும் ஒதுக்காமல் கையில் வைத்திருங்கள். பிளந்த கேஸ் புதுச் செலவு ஒன்றையாவது காட்டும். பெயிண்ட், சீட் கவர், குரோம் எல்லாம், இன்ஜின் ஓடி, புதுப் பிஸ்டன் பழகிய பிறகு. அப்படிச் செய்தால் நடுவில் பணம் தீர்ந்தாலும் உங்களிடம் இருப்பது ஓடும் வண்டி. பெயிண்ட் மங்கிய ஸ்கூட்டரில் வேலைக்குப் போகலாம். பளபளக்கும் கூட்டில் கெட்ட சீலை வைத்துக்கொண்டு பக்கத்துத் தெருவுக்கும் போக முடியாது.